கலங்காத குடுவை

காலை பத்து மணிக்கு அமிர்தம் அம்மா ஸ்ரீரங்கத்திலிருந்து ஆட்டோவில் வந்து இறங்கினார். தென்னூரில் ஒரு பழைய வீடு. கீழே டாக்டரின் கிளினிக், மாடியில் நான் வேலை பார்க்கும் லேப். அவர் முழங்காலில் ஸ்டெம் செல் வைத்து மூன்று மாதமாகியிருந்தது. படியேறும் சத்தம் கேட்டது.

ஓர் அடி. ஓர் இழுப்பு.

ஓர் அடி. ஓர் இழுப்பு.

அது அவருடைய நடை அல்ல.

எங்கள் வேலை இதுதான். நோயாளியின் இடுப்பெலும்பிலிருந்து கொஞ்சம் மஜ்ஜை எடுத்துக் குடுவையில் விடுவோம். ஸ்டெம் செல்கள் மட்டும் அடியைப் பிடித்து ஒட்டிக்கொள்ளும். மிதக்கும் மற்றவற்றைக் கழுவி ஊற்றிவிடலாம். ஒட்டியவற்றுக்குச் சிவப்புத் திரவம்தான் சாப்பாடு. அவை தின்னத் தின்ன அது மஞ்சளாகும். ஆனால் தெளிவாகவே இருக்கும். கிருமி புகுந்தால் கலங்கிவிடும். நாலு வாரத்தில் செல்கள் பல லட்சமாகப் பெருகும். அவற்றைத் தேய்ந்த குருத்தெலும்பில் வைத்தால் அந்த இடம் மறுபடி வளரலாம்.

நாலு மாதத்துக்கு முன் ஒரு நாள், செல்போனைத் தொட்ட கையுறையோடு அமிர்தம் அம்மாவின் குடுவையைத் திறந்தேன். இரண்டே நாளில் கலங்கிவிட்டது. பக்கத்தில் மூக்கனின் குடுவை தெளிவாக இருந்தது. முசிறிக்காரர்; வாழைத்தார் சுமந்தே முழங்கால் தேய்ந்தவர். விஷயம் தெரிந்தால் வேலை போய்விடும். இரண்டு குடுவைகளின் பெயர்ச் சீட்டுகளையும் மாற்றி ஒட்டினேன்.

"உங்க செல்லு வளரலைங்க" என்று மூக்கனிடம் சொன்னேன்.

"எங்கிட்ட இருந்தப்ப நல்லாத்தான் இருந்துச்சு. ஏசி ரூமு ஒத்துக்கல போல" என்று சிரித்தார். எழுவதற்கு முன் விரல் முட்டியால் முழங்காலை இரண்டு தட்டு தட்டினார்.

பத்தாம் நாள், முசிறியில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது அந்தக் கால் மடங்கிச் சக்கரத்தடியில் விழுந்து செத்துப்போனார்.

அமிர்தம் அம்மா நாற்காலியில் உட்கார்ந்தார்.

"வலி இருக்காம்மா?"

"வலியே இல்லப்பா. ஆனா கால் என் பேச்சக் கேக்க மாட்டேங்குது. பூ வாங்கக் கெளம்பினா முசிறி பஸ்ஸுக்கிட்ட கொண்டுபோய் நிறுத்துது. அங்க எனக்கு யாரு இருக்கா, சொல்லு?"

அவருடைய முழங்காலைப் பார்த்தேன்.

"ஏறுறதுக்கு பஸ் படியில வச்சா மட்டும்..." குரலைத் தாழ்த்தினார். "பயந்து நடுங்குது, அரவிந்தா. நான் பயப்படல. அதுதான் பயப்படுது."

அவர் கை முழங்காலுக்குப் போனது.

டொக். டொக்.

"உண்மையச் சொல்லு. இது யாரோடது?"

சொல்லியிருக்கலாம். அந்த ஒரு நிமிடம் எனக்குக் கிடைத்தது.

"உங்களோடதுதாம்மா" என்றேன்.

அவர் என்னையே பார்த்துவிட்டு எழுந்தார். படியில் அடியும் இழுப்பும் இறங்கிப் போயின.

உடம்புச் சூட்டில் குடுவைகளை வைத்திருக்கும் பெட்டியைத் திறந்தேன். அன்று காலை, செல் எதுவும் போடாமல் வெறும் திரவம் மட்டும் ஊற்றி ஒரு குடுவை வைத்திருந்தேன். கிருமி இல்லை என்று உறுதி செய்துகொள்ள அப்படி வைப்பது வழக்கம். அது சிவப்பாகவே இருக்க வேண்டும்.

மஞ்சளாகியிருந்தது.

துளிகூடக் கலங்கவில்லை.