வாசலுக்கு நேர் வாசல்

வெளியேயிருந்து காற்று வந்தால் சுடர் உள்ளேதானே சாய வேண்டும்? சிறிதேவி தலைவாசலைத் திறந்துவிட்டுத்தான் விளக்கேற்றியிருந்தாள். பனிக்காற்று முகத்தில் அடித்தது. ஆனால் சுவாமித் தட்டில் இருந்த விளக்கின் சுடரோ வாசல் பக்கமாக, காற்றை எதிர்த்துச் சாய்ந்து நின்றது. விளக்குக்குப் பின்னால் வெறும் சுவர். சுவருக்குள்ளிருந்து யாரோ மெல்ல மூச்சு விடுவது போலிருந்தது.

கண்தான் மயங்குகிறது என்று நினைத்துக்கொண்டாள். முதியோர் இல்லத்தில் காலையிலிருந்து கிழவர்களைத் தூக்கி, புரட்டி, குளிப்பாட்டிவிட்டு வருகிறவளுக்குக் கண் மயங்காமல் என்ன செய்யும்? மார்கழி ஒஸ்லோவில் விளக்கு வைக்கிற நேரம் பின்னேரத் தேநீருக்கு முன்பே வந்துவிடும். உடுப்பு மாற்றக்கூட நேரமிராது. முன்கதவைத் திறந்து, குசினிப் பக்கத்துப் பின்கதவைச் சாத்தி, விளக்கேற்ற வேண்டும். முன்னால் லட்சுமி வருவாள். பின்னால் மூதேவி வந்துவிடக் கூடாது. எந்த நாட்டுக்கு வந்தாலும் இதை மட்டும் அவள் விட்டதில்லை.

பஸ் ஓட்டிக்கொண்டிருந்த கணவர் சோதிலிங்கத்துக்கு இதய அறுவை நடந்த பிறகுதான் இந்த வீட்டுக்கு வந்தார்கள். முன்பு இருந்த ஸ்டோவ்னர் மாடிவீட்டில் லிஃப்ட் பாதி நாள் ஓடாது. படியேறவே கூடாது என்று டொக்டர் சொல்லியிருந்தார். தண்ணீர் நிறைந்த கேத்திலைக்கூடத் தூக்கக் கூடாது, இன்னொரு தரம் அந்த இதயம் தாங்காது என்றும் சொல்லியிருந்தார். நகரத்தின் ஓரத்தில் பழைய பாதிரியார் இல்லத்தின் கீழ்ப்பகுதி வாடகைக்கு வந்தது. மேல்மாடி பூட்டிக் கிடந்தது.

அது ஒரு வீடல்ல. ஒன்றையொன்று விழுங்கிய பல வீடுகள். நடுவில் இருந்த மரக்கட்டை அறைதான் ஆதி வீடு. அதற்கு மேற்கே ஒரு பாதிரியார் ஒரு கூடம் சேர்த்தார். அடுத்து வந்தவர் மாடிப்படியைத் திருப்பினார். அதற்கும் அடுத்தவர் வாசலைத் தெருப்பக்கம் மாற்றினார். ஒரு யன்னலைத் திறந்தால் வெளியே அல்ல, இன்னோர் அறையே தெரிந்தது. எல்லோருமாகச் சேர்ந்து எதையோ விட்டு விலகி விலகிக் கட்டியது போலிருந்தது.

சாவியைக் கொடுக்க வந்த தேவாலயக் காவலாளி அல்பேர்ட் பெருமையோடு எல்லாம் காட்டினார். தலைவாசலுக்கு நேர் எதிரே, பிறகு அவள் சுவாமித் தட்டு மாட்டிய சுவரைத் தட்டினார். வெற்றொலி கேட்டது. இங்கே ஒரு வாசல் இருந்தது, உயிரோடு இருப்பவர்கள் அதை ஒருபோதும் பாவிக்கவில்லை என்றார். வீட்டில் யாராவது செத்தால் திறப்பார்கள். உடலை வெளியே கொண்டுபோனதும் ஆணியடித்து மூடிவிடுவார்கள். செத்தவர்களுக்குத் தாங்கள் போன வழி மட்டும்தான் தெரியுமாம். அது அடைபட்டிருந்தால் திரும்பி வர முடியாதாம். சொல்லிவிட்டுச் சிரித்தார்.

சிறிதேவிக்குச் சிரிப்பு வரவில்லை. பஞ்சமித் திதியில் செத்தவர்களை யாழ்ப்பாணத்தில் படலை வாசலால் கொண்டுபோக மாட்டார்கள். வேலியைப் பிரித்துக் கொண்டுபோய், திரும்ப அடைத்துவிடுவார்கள்.

சோதிலிங்கத்தின் மனதில் நின்றது வேறு. வாசலுக்கு நேர் வாசல் இல்லாத வீடு மூச்சு விடாது, அதனால்தான் தனக்குச் சுகம் வருகுதில்லை என்று அன்றிலிருந்து புலம்பத் தொடங்கினார். சுடர் சாய்ந்த அன்றிரவும் புலம்பினார். அவள் அல்பேர்ட் சொன்னதையும் பஞ்சமிக் கதையையும் நினைவூட்டினாள்.

"அது அவையின்ரை செத்த ஆக்கள்," என்றார். "எங்களோடை அவைக்கு என்ன கதை?"

"ஒண்டிலையும் கை வைக்கக் கூடாது. எனக்குச் சத்தியம் பண்ணுங்கோ."

பண்ணினார்.

மறுநாள் காலை தூக்கக் கலக்கத்தில் அவருக்குச் சட்டைப் பொத்தானைப் பூட்டிவிட்டுப் போனாள். ஒன்றை மாற்றிப் பூட்டியது வேலையிடத்தில்தான் நினைவுக்கு வந்தது. மத்தியானம் ஃபோன் எடுத்தாள். பதில் இல்லை. திரும்பவும் எடுத்தாள். பஸ்ஸிலும் எடுத்துக்கொண்டே வந்தாள். நித்திரையாக இருப்பார், நித்திரைதான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

தெருவிலிருந்தே தெரிந்தது. முன்கதவு திறந்து கிடந்தது. அதற்குள்ளே, சுவர் இருக்க வேண்டிய இடத்தில், பின்தோட்டத்துப் பனி வெள்ளையாகத் தெரிந்தது.

அவர் கதிரையில் இருந்தார். அவளுக்கு முதுகு காட்டியபடி, போர்வையைத் தலை வரை இழுத்துவிட்டபடி. நிலமெங்கும் சுண்ணாம்புத் தூள். சுவாமித் தட்டைக் கழற்றி ஒரு மூலையில் வைத்திருந்தார்.

"நேரா இருக்குப் பாரும்," என்றார்.

முதலில் கோபம்தான் வந்தது. "உங்களுக்கென்ன விசரே? இஞ்சை ஒருத்தி மாடாய் உழைச்சு..." அதற்கு மேல் திட்டவும் தெம்பில்லை. சப்பாத்தைக் கழற்றினாள். உக்கிய மரத்தின் மணம். ஈர மண்ணின் மணம். அணைத்த மெழுகுதிரியின் மணம். அதோடு ஏதோ ஒன்று குறைந்தது. அறுவைக்குப் பிறகு அவர் மூச்சில் எப்போதும் ஒரு மெல்லிய சீழ்க்கை இருக்கும். பக்கத்து அறைக்கும் கேட்கும்.

இப்போது கேட்கவில்லை.

கால் ஈரத்தில் பட்டது. குனிந்து பார்த்தாள். தண்ணீர்த் தடங்கள். வெறுங்காலின் தடங்கள். சுவரில் உடைத்த திறப்பிலிருந்து உள்ளே வந்திருந்தன. சில குசினிக்கு. சில மாடிப்படிக்கு. சில மிகச் சிறியவை, குழந்தையுடையவை. மேலே, பூட்டிய மாடியில், பலகை கிறீச்சிட்டது. பிறகு இன்னொன்று.

திறப்புக்குப் போனாள். போகாமல் இருக்க முடியவில்லை.

பனியிலும் தடங்கள். எல்லாம் வீட்டை நோக்கி. ஒன்றுகூடத் திரும்பிப் போகவில்லை. வாசலை ஒட்டி ஒரு சுத்தியல் கிடந்தது. அதன் பக்கத்தில் ஓர் ஆள், வானத்தைப் பார்த்தபடி. திறந்த கண்களில் பனி விழுந்து உருகாமல் கிடந்தது. சட்டையில் ஒரு பொத்தான் மாறிப் பூட்டியிருந்தது.

அந்த உடலிலிருந்தும் ஒரு சோடி வெறுங்கால் தடம் புறப்பட்டது. உள்ளே. கதிரை வரை.

அவள் திரும்பவில்லை. பின்னால் போர்வை சரியும் சத்தம். மாடிப்படியில் பல கால்கள், மெதுவாக, இறங்கின.

"பின்கதவைச் சாத்தும், சிறி," என்றது அவர் குரல். "விளக்கு வைக்கிற நேரம். எல்லாரும் உள்ளுக்கு வந்திட்டம்."

மூலையில், அவள் ஏற்றாத விளக்கு எரிந்துகொண்டிருந்தது. இரண்டு வாசலும் திறந்து கிடந்தன. சுடர் ஆடவில்லை. நேராக நின்றது.