வழவழப்பான ஓடை

மாப்பிள்ளை வீட்டார் ஜாதகம் கொண்டுவந்த காலம் போய்விட்டது. இப்போது பொருத்தச் சில்லு கொண்டுவருகிறார்கள். நகத்தளவு கண்ணாடி, அதற்குள் தலைமுடியைவிட மெல்லிய ஓர் ஓடை. பெண்ணின் எச்சில் நீலச் சாயத்தோடும் பையனுடையது மஞ்சளோடும் அதில் நுழையும். மறுமுனையை எட்டுவதற்குள் இரண்டும் கலந்து பச்சையானால்தான் கல்யாணம்.

அந்த ஓடையை வடிவமைத்தவளே மதிவதனிதான். கோயம்புத்தூரில் அவள் வீட்டுக் கூடத்திலேயே, பஜ்ஜித் தட்டுக்குப் பக்கத்தில், நீலமும் மஞ்சளும் தண்டவாளம்போல ஒட்டாமல் ஓடி முடிந்தன.

"பச்சை வரலையே அம்மிணி," என்றாள் மாப்பிள்ளை நன்மாறனின் தாய் தெய்வானை. குரலில் வருத்தமே இல்லை.

மதிவதனி பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாள். ஓடையின் தரையில் அவள் அமைத்திருந்த மேடுகளைக் காணோம். அவ்வளவு குறுகலில் எந்தத் திரவமும் தானாகச் சுழலாது. மேடுகள் மடித்துப் புரட்டினால்தான் கலக்கும்.

"அத்தை, இதுல யாரோட எச்சிலும் கலக்காதுங்க. உங்களுதையே ரெண்டு பக்கமும் வெச்சுப் பாருங்க."

தெய்வானை இன்னொரு சில்லில் வைத்தாள். நீலம் தனி, மஞ்சள் தனி.

"எனக்குச் சக்கரை இருக்குதல்ல, அதான்," என்றாள் கொஞ்சமும் அசராமல்.

மதிவதனி நன்மாறனைப் பார்த்தாள். இந்தச் சில்லைச் செய்யும் கம்பெனி ஆய்வகத்தில் மூன்று வருடம் பக்கத்து மேசைக்காரன். அவனைத்தான் கட்டுவேன் என்று வீட்டில் ஆறு மாதம் மல்லுக்கட்டியிருந்தாள்.

"மேட்டை யாரு எடுத்தது?" என்றாள் தணிந்த குரலில்.

"மேடு இருந்தா எல்லாருக்கும் பச்சை வந்துருது வதனி. அப்புறம் ரெண்டாவது சில்லு எவன் வாங்குவான்? மேலிடத்துல கேட்டாங்க, கையெழுத்துப் போட்டுட்டேன்."

"சரி. அதை இப்ப உங்கம்மாகிட்டச் சொல்லு."

நன்மாறன் அம்மாவைப் பார்த்தான். பிறகு பஜ்ஜித் தட்டைப் பார்த்தான். ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டான்.

"பச்சை வராம ஒருத்தியும் என் வாசப்படி மிதிக்க முடியாது," என்று தெய்வானை எழுந்தாள். "வா கண்ணு. பல்லடத்துல ஒரு பொண்ணு இருக்குது."

அழுகை வரும் என்று நினைத்திருந்த மதிவதனிக்குச் சிரிப்புதான் வந்தது. வாசல்வரை போய் வழியனுப்பினாள்.

"பல்லடத்தோட நிறுத்திராதீங்க அத்தை. உடுமலை, தாராபுரம்னு ஒவ்வொரு ஊராப் பாருங்க. உங்க பையன் கையெழுத்துப் போட்ட ஓடையில பச்சை வர்ற வரைக்கும் விடாதீங்க."

மென்றுகொண்டிருந்த நன்மாறனின் வாய் அப்போதுதான் நின்றது.