நான்காம் படுக்கையின் பலகை

இதய வார்டுக்குக் கேள்வி சிஸ்டர் வருவது மதியம் மூன்று மணிக்கு. சாப்பிட்ட தட்டுகள் போயிருக்கும், டாக்டர்கள் சுற்றி முடித்திருப்பார்கள், பார்க்க வருகிறவர்களை இன்னும் உள்ளே விட்டிருக்க மாட்டார்கள். அட்டையில் செருகிய கேள்வித்தாளோடு அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவாள். இதயம் நின்று, திரும்பி வந்தவர்களிடம் மட்டும்தான் அவளுக்கு வேலை.

வார்டில் ஆறு படுக்கைகள். ஒவ்வொன்றுக்கும் நேர் மேலே, கூரையை ஒட்டினாற்போல ஒரு மரப்பலகை. பலகையின் மேல் ஒரு படம், முகம் கூரையைப் பார்த்தபடி. என்ன படம் என்று வார்டில் ஒருவருக்கும் தெரியாது. ஆராய்ச்சியை நடத்தும் பெரிய டாக்டருக்கே தெரியாது. வேறு ஊரிலிருந்து உறையில் ஒட்டி வருவதை எலெக்ட்ரீஷியன் ஏணி போட்டு, பார்க்காமல் பிரித்து வைத்துவிட்டுப் போவார். சாகிற நேரத்தில் உடம்பை விட்டு மேலே மிதந்தேன் என்று சொல்கிறவர் நிஜமாகவே மிதந்திருந்தால் அந்தப் படம் கண்ணில் பட்டிருக்க வேண்டும். அவ்வளவுதான் ஆராய்ச்சி.

இரண்டு வருடத்தில் ஒருவர் கண்ணிலும் படவில்லை. பெரும்பாலோர் தூங்கி எழுந்த மாதிரி இருந்தது என்றார்கள். ஒருவர் வெளிச்சம் பார்த்தார். இன்னொருவரிடம், செத்துப்போன அண்ணன் வந்து சைக்கிளைத் திருப்பிக் கேட்டாராம். இந்த வேலைக்கு வந்த எட்டு மாதமாக, சொல்வதையெல்லாம் சிஸ்டர் முகம் மாறாமல் எழுதிக்கொள்கிறாள்.

அன்று நான்காம் படுக்கையில் இருந்தவர் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். நாலு நாளுக்கு முன்பு அவருடைய இதயம் ஆறு நிமிடம் நின்றிருந்தது.

"ஏழாவது கேள்விங்க. மேல இருந்து எதையாவது பார்த்த மாதிரி இருந்துச்சா?"

"பார்த்தேன். பலகையில ஏதோ படம் இருந்துச்சு. என்ன படம்னுதான் தெரியல."

பேனா நின்றது. "ஏங்க?"

"அந்தம்மா அது மேல உட்கார்ந்திருந்தாங்களே."

அறையில் மருந்து வாடை. அதற்கு அடியில் வேறு ஏதோ ஒன்று, எண்ணெய் மாதிரி, இரும்பு மாதிரி. சிஸ்டர் மேலே பார்க்கவில்லை.

"எந்தம்மா?"

"எனக்கென்ன தெரியும்? காலைத் தொங்கப் போட்டுக்கிட்டு இருந்தாங்க. ஒரு கால்ல சாக்ஸ், ஒரு கால் வெறும் கால். கொஞ்சம் நகருங்கம்மான்னு கூடச் சொன்னேன். முப்பது வருஷம் சொல்லிச் சொல்லிப் பழகின வாய். அவங்க காதுலயே போட்டுக்கல." அவர் சிரித்துக்கொண்டே தன் கழுத்தில் இரண்டு விரலை வைத்துக் காட்டினார். "இப்படி வச்சுக்கிட்டு, கீழ பார்த்து ஒரே கேள்வி. இருக்கா, இருக்கான்னு."

"யாரைப் பார்த்து?"

அவர் சிரிப்பதை நிறுத்தினார்.

"கதவுகிட்ட நின்னு நேரம் எழுதிக்கிட்டு இருந்தது நீங்கதானே சிஸ்டர்?"

அவள்தான். வார்டில் இதயம் நின்றால் ஓடி வந்து நேரத்தைக் குறித்துக்கொள்வதும் ஆராய்ச்சியில் அவள் வேலை.

எட்டு மாதத்துக்கு முன்பு அவள் இதே வார்டில் நர்ஸ். நின்ற இதயத்தை ஓட வைக்க நெஞ்சை அமுக்கும்போது, இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை அமுக்குவதை நிறுத்துவார்கள். ஒருவர் கழுத்து நாடியில் இரண்டு விரலை வைப்பார். "இருக்கா?" என்று டாக்டர் கேட்பார். இருக்கு அல்லது இல்ல, இந்த இரண்டில் ஒன்றுதான் பதில். பதற்றத்தில் சொந்த விரல் நுனியில் ஓடும் துடிப்பையே நோயாளியின் நாடி என்று எண்ணிக்கொள்வது அந்தத் தொழிலில் சகஜம். அவளுக்கும் அது நடந்தது. ஒரு கிழவருக்கு "இருக்கு" என்று சொல்லிவிட்டாள், எல்லோரும் கையை எடுத்தார்கள், ஒன்றும் இல்லை. கிழவர் எப்படியும் பிழைத்திருக்க மாட்டார் என்றார்கள். ஆனால் டீ அறையில் அவளை விட்டு வைக்கவில்லை. "சிஸ்டர், இந்த மேசையைக் கொஞ்சம் தொட்டுப் பாருங்க, உயிர் இருக்கான்னு." ஒரு வாரம் முழுக்க இதே பேச்சு. அவளும் சேர்ந்து சிரித்தாள். வீட்டுக்குப் போய் அழுதாள்.

அந்த வாரக் கடைசியில்தான் நான்காம் படுக்கைக்குத் தையல்காரம்மா வந்தார். அரை மணி நேரம் அமுக்கினார்கள். நரம்பு தேடி இடது கால் சாக்ஸைக் கழற்றிப் போட்டதே இவள்தான். திரையில் கோடு லேசாக நெளிந்துகொண்டிருந்தது. இதயம் துடித்தாலும் அப்படி நெளியும், துடிக்காமலே கூட நெளியும். விரல்தான் சொல்ல வேண்டும். பெரிய டாக்டர் களைத்துப் போய்க் கேட்டார்.

"இருக்கா?"

மெல்லிசாக ஒன்று.

வெகு நேரம் கழித்து இன்னொன்று.

தன் விரலா, அந்த அம்மாவின் கழுத்தா? அவளுக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்றாவது சொல்லியிருக்கலாம். எதிரே நின்ற இளம் டாக்டரின் உதட்டோரம் ஒரு சிரிப்பு தயாராக இருப்பது போல அவளுக்குத் தோன்றியது.

"இல்ல," என்றாள்.

"யாருக்காவது ஏதாவது சொல்லணுமா?" என்று டாக்டர் எல்லோரையும் பார்த்துக் கேட்டார். நிறுத்துவதற்கு முன்னால் அப்படிக் கேட்பது அங்கே வழக்கம். அவள் தரையைப் பார்த்தாள். டாக்டர் இறந்த நேரத்தைச் சொன்னார். அடுத்த வாரமே அவள் ஆராய்ச்சி வேலைக்கு மாற்றல் வாங்கிக்கொண்டாள். அதில் யார் கழுத்திலும் கை வைக்க வேண்டியதில்லை.

டிரைவர் சொன்னதை அன்று மாலையே பெரிய டாக்டரிடம் கொண்டு போனாள். அவர் அசரவில்லை.

"காதுதான் கடைசியா அணையும் சிஸ்டர். 'இருக்கா'ன்னு நான் கேட்டது அவர் காதுல விழுந்திருக்கும். ரத்தம் கிடைக்காத மூளை, கேட்டதையும் முன்ன பார்த்ததையும் சேர்த்து ஒரு கதை கட்டிடும். திரும்பி வந்தப்புறம் அதுதான் ஞாபகம்."

"ஒரு கால்ல சாக்ஸ்னு சொன்னாரே டாக்டர்."

"அவர் காலையே ஒரு தடவை பாருங்க."

பார்த்தாள். அவருக்கும் நரம்பு தேடி ஒரு சாக்ஸைக் கழற்றியிருந்தார்கள். அன்றிரவு அவள் நிம்மதியாகத் தூங்கினாள். காலையில் எழுந்ததும் அந்தத் தூக்கத்தை நினைத்தே கூசிப்போனாள். டாக்டரிடம் சாக்ஸைப் பற்றிச் சொன்னவள், விரலில் பட்டதைப் பற்றி மூச்சு விடவில்லையே.

ஞாயிற்றுக்கிழமை அவள் தையல்கடையைத் தேடிப் போனாள். சொல்லிவிடுவது என்று முடிவு செய்துதான் போனாள். குறுகலான கடை, ஜன்னலோரம் ஒரே ஒரு மிஷின். படியேறும்போதே அந்த வாடை வந்தது. வார்டில் மருந்து வாடைக்கு அடியில் இருந்ததே, அதே வாடை. மிஷினுக்குப் போடும் எண்ணெய்.

மிஷினை மிதித்துக்கொண்டிருந்தது மகள். இருபது, இருபத்திரண்டு வயதிருக்கும். பார்த்ததும் எழுந்துவிட்டாள்.

"நீங்க அந்த சிஸ்டர்தானே? வாங்கக்கா, உட்காருங்க. நானே வந்து பார்க்கணும்னு இருந்தேன்."

"என்னையா?"

"கடைசி வரைக்கும் அம்மா கழுத்துல கை வச்சுக்கிட்டு நின்னது நீங்கதான்னு டாக்டர் சொன்னாரு. எனக்கு அது ஒண்ணுதான் ஆறுதல். அம்மா தனியாப் போகலன்னு."

சிஸ்டர் வாயைத் திறந்தாள்.

"தண்ணி தரட்டுமாக்கா?"

"குடும்மா."

தண்ணீரைக் குடித்தாள். பாதி தைத்த சட்டை ஒன்றைத் தொட்டுப் பார்த்து, நன்றாக இருக்கிறது என்றாள். அந்தப் பெண் வாசல் வரை வந்து அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னாள். தெருவில் இறங்கி நடக்கும்போது வெட்கம் காது வரை சுட்டது. முதல் தடவை யோசிக்கப் பத்து நொடிதான் கிடைத்தது என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். இந்தத் தடவை முழுசாக அரை மணி நேரம் இருந்தது.

மூன்று வாரம் கழித்து, இரண்டாம் படுக்கையில் ஒரு கணக்கு டீச்சர். எட்டு நிமிடம் நின்று திரும்பியவர். எதையும் அலங்கரித்துச் சொல்கிற ஆள் இல்லை.

"ஏழாவது கேள்வி," என்று தொடங்கினாள் சிஸ்டர்.

"குடை," என்றார் டீச்சர். "பலகையில குடைப் படம். சிவப்புக் குடை. ஒரு கம்பி மட்டும் உடைஞ்சு வெளிய நீட்டிக்கிட்டு இருந்துச்சு."

சிஸ்டர் நாற்காலியை நெருக்கிப் போட்டாள். "பலகை மேல வேற யாராவது இருந்தாங்களா?"

"பலகை மேல இல்ல."

டீச்சர் கதவைப் பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"உங்க பின்னால நின்னாங்க. கதவுகிட்ட. ஒரு கால்ல மட்டும் சாக்ஸ் போட்டுக்கிட்டு. உங்க கழுத்துல ரெண்டு விரலை வச்சுக்கிட்டு இருந்தாங்க. கொஞ்ச நேரம் பொறுத்து, நிமிர்ந்து என்னைப் பார்த்தாங்க."

"ஏதாவது சொன்னாங்களா?"

"'இல்ல'ன்னாங்க."

சிஸ்டர் தாளில் குடை என்று மட்டும் எழுதினாள். கீழே கையெழுத்துப் போட்டாள்.

ஒரு மணி நேரத்தில் ஏணி வந்தது. எலெக்ட்ரீஷியன் இரண்டாம் பலகையிலிருந்து படத்தை எடுத்து எல்லோருக்கும் தெரிகிற மாதிரித் திருப்பிப் பிடித்தார். சிவப்புக் குடை. உடைந்த கம்பி உட்பட.

வார்டே கூடிவிட்டது. காது, மூளை, ஞாபகம் என்று பெரிய டாக்டர் இத்தனை நாள் சொல்லி வந்த விளக்கம் எதுவும் இனி ஓடாது. அவருக்கு அதில்தான் சந்தோஷம். குடை நிஜம் என்றால் டீச்சர் பார்த்தது எல்லாமே நிஜம். சிஸ்டர் சுவரோரமாக நின்றாள். தன் கழுத்துக்குக் கையைக் கொண்டு போக அவளுக்குத் தைரியம் வரவில்லை.

"உலகமே திரும்பிப் பார்க்கும் சிஸ்டர்," என்று டாக்டர் வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்துக் குலுக்கினார். "முதல் பேர் உங்க பேர்தான். கேட்டு எழுதினது நீங்கதானே."

குலுக்கியவர் கையை விடவில்லை. எந்தப் பத்திரிகைக்கு அனுப்பலாம், யாருக்கு முதலில் சொல்லலாம் என்று பேசிக்கொண்டே போனார். வருடக்கணக்கான பழக்கத்தில் அவருடைய இரண்டு விரல்கள் தாமாகவே நாடி பார்க்கும் இடத்துக்கு நகர்ந்தன.

பேச்சு நின்றது.

விரல்களைச் சற்றே மேலே தள்ளி வைத்தார். அழுத்தினார். கீழே கொண்டு வந்தார். சுற்றிலும் எல்லோரும் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

அவர் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தார். சொல்லலாமா, சொன்னால் இத்தனை பேர் முன்னால் என்ன ஆகும் என்று யோசிக்கிறார். அந்த யோசனை எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

அவர் ஒன்றும் சொல்லாமல் கையை விட்டார்.