முடியட்டும், அப்புறம் போ

நாற்காலி சூடாக இருந்தது.

மழைநீர் சொட்டும் சட்டையோடு தன் இடத்துக்கு ஒதுங்கிப் போகையில், பக்கத்து நாற்காலியைத் தள்ளுவதற்காக மினியோ அதில் கை வைத்தான். அது செலிங்கின் இடம். செவ்வாய்க்கிழமை அவள் இறந்ததிலிருந்து எல்லாரும் அக்கா என்ற பொருளில் மனாங் என்றழைக்கும் கணினி விளையாட்டுக் கடைக்காரி லூர்தா அதில் யாரையும் உட்கார விடவில்லை. ஜுரக்காரர் இப்போதுதான் எழுந்துபோன படுக்கையைப் போல அந்தச் சூடு உள்ளங்கையில் ஒட்டியது.

"என்ன மனோங், நாற்காலிக்கு ஆசீர்வாதமா?" என்றான், அவனை எப்போதும் மனோங், அண்ணன், என்றே கூப்பிடும் ரெய்னான்ட்டே. அவனைத் தவிர வேறு யாரும் சிரிக்கவில்லை.

மினியோவும் நண்பர்களும் போட்டிருந்த கறுப்புச் சட்டைகளை மனாங் லூர்தா பார்த்தாள். "எங்கேர்ந்து வர்றீங்க?"

"செலிங் வீட்லேர்ந்துதான். இழவு வீட்லேர்ந்து நேரா வீட்டுக்குப் போகக் கூடாதுல்ல? கூட வர்றத வழியில எங்கயாவது உதறிட்டுத்தானே போகணும். அதான் இங்க" என்றான் ரெய்னான்ட்டே.

அவள் கையிலிருந்த பிஸ்கட் பொட்டலம் பாதி பிரிந்தபடியே நின்றது. "அதுக்கு ரொட்டிக் கடைல போய் நில்லுங்கடா, பெட்ரோல் பங்க்ல நில்லுங்க. அவ வருஷக்கணக்கா உக்காந்த இடத்துக்கேவா கூட்டிட்டு வருவீங்க?"

"நாங்க யாரையும் கூட்டிட்டு வரல மனாங். அதே ஆளுங்கதான்."

"எண்ணிப் பாத்தியா?"

மினியோ ஹெட்போனை மாட்டிக்கொண்டான். வாராவாரம் அவர்கள் ஆடும் சனிக்கிழமை முற்றுகை விளையாட்டுக்கு இன்னும் சில நிமிடங்களே இருந்தன. அவர்கள் ஊரான இலோய்லோ முழுவதிலுமிருந்து, தாவா நகரிலிருந்து, கடல் கடந்து வேலைக்குப் போன ஊர்களிலிருந்தெல்லாம் இணையத்தில் அவன் படை திரண்டுகொண்டிருந்தது. கோட்டைக்குள் இருக்கும் படிகத்தை ஆறு மணிவரை உடையாமல் காக்க வேண்டும். ஆனால் அவன் மனம் கோட்டையில் இல்லை. இன்னும் அடக்கமாகாத சவப்பெட்டியருகே காபிக் கோப்பையை அவன் கையில் வைத்துவிட்டு செலிங்கின் அம்மா சொன்னதிலேயே நின்றிருந்தது: "அந்த விளையாட்டுலேர்ந்து அவ பேரை எடுத்துடு தம்பி. ஜுரத் தூக்கத்துலயும் கை ஏதோ தட்டிக்கிட்டே இருந்துச்சு. எம்புள்ள தூங்கட்டும்."

இன்றைக்கே எடுத்துவிடுவதாக வாக்குக் கொடுத்திருந்தான். படைக்குத் தலைவன் அவன்தான், அவனால் மட்டுமே முடியும். பட்டியலைத் திறந்தான். முற்றுகை தொடங்கிவிட்டது, இனி யாரையும் நீக்க முடியாது என்றது திரை. சரி, முடியட்டும், அப்புறம் எடுத்துக்கலாம் என்று நினைத்துக்கொண்டான். அவளிடமும் அதையேதான் சொல்லியிருந்தான். போன சனிக்கிழமை, இதே நேரம், நெற்றியில் கற்பூரத் தைலம் பூசிக்கொண்டு, பல் கிடுகிடுக்க, பக்கத்து நாற்காலியில் அவள் கேட்டாள்: "மனோங், ரொம்பக் குளிருது. நான் போகட்டுமா?" திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் அவன் சொன்னான்: "முடியட்டும், அப்புறம் போ. நான் சொல்ற வரைக்கும் நகராதே."

அவள் நகரவில்லை.

திரையில் கோட்டைக் கதவு உடைந்தது. நூற்றுக்கணக்கான உருவங்கள் வெள்ளம்போல உள்ளே பாய்ந்தன. தீயும் பனியும் மின்னலும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து திரை வெளுத்தது. காதுக்குள் இரும்பு மோதும் ஓசையும், தூர தேசங்களிலிருந்து கேட்கும் கத்தலும், தகரக் கூரையில் இறங்கும் மழையும் கலந்து, எது உள்ளே எது வெளியே என்று தெரியாத ஒரே இரைச்சலாயின. மினியோவின் வீரன் முன்வரிசையில் நின்று அடி வாங்கினான். உயிர்க்கோடு குறைந்தது. கடைசி இழையில் நின்றது.

அவன்மேல் பச்சை ஒளி இறங்கியது. கோடு நிறைந்தது.

மறுபடி அடி. மறுபடி பச்சை. ஒரு நொடியும் முன்பின் ஆகாமல், அவனுக்கு வலிப்பதற்கு முன்பே வந்துவிடும் ஒளி. அப்படிக் காயம் ஆற்றத் தெரிந்தவள் ஒருத்திதான். படிகத்தின் அருகே, தன் வழக்கமான தூண் ஓரத்தில், செலிங்கின் வெள்ளை அங்கி நின்றிருந்தது.

வர முடியாதவரின் கணக்கை இன்னொருவர் ஓட்டுவது அவர்கள் வழக்கம். எல்லாருடைய கடவுச்சொல்லும் எல்லாருக்கும் தெரியும். இருந்தாலும் இன்றைக்கா?

ஹெட்போனைக் காதிலிருந்து விலக்கினான். "ரெய்னான்ட்டே, செலிங் கணக்குல யாரை உக்கார வச்ச?"

"நானா? நீங்கதான் யாரையோ போட்டிருக்கீங்கன்னு நினைச்சேன். நல்லா ஓட்டுறான் மனோங், அப்படியே அவளாட்டம்."

"நான் யாரையும் போடலடா."

ரெய்னான்ட்டே திரும்பிப் பார்த்தான். அவன் பார்த்தது மினியோவை அல்ல, அவனுக்குப் பக்கத்திலிருந்த செலிங்கின் நாற்காலியை. பிறகு எழுந்தான். ஹெட்போன் கழுத்திலிருந்து தரையில் விழுந்தது. எடுக்கவில்லை. வெளியே மழைக்குள் போனான். மற்றவர்களும் ஒவ்வொருவராக அவன் பின்னாலேயே போனார்கள்.

மினியோவுக்கும் எழ வேண்டும்போல இருந்தது. ஆனால் வாக்கு கொடுத்திருந்தான். ஆறு ஆகட்டும். பேரை எடுத்துவிடலாம். அவள் தூங்கிவிடுவாள்.

தட்டும் ஓசை அப்போதுதான் கேட்டது. நகத்தால் ஒரே விசையை மெல்லத் தட்டும் ஓசை. டிக். டிக். டிக். இடப்பக்கம், மிக அருகில். கூடவே கற்பூரத் தைலத்தின் வாசனை.

அவன் திரும்பவில்லை.

ஆறு மணி. முரசு ஒலித்தது. எதிரிகள் புகைபோல மறைந்தார்கள். கோட்டை தப்பியது. தூரத்து நண்பர்கள் கூச்சலிட்டு, விடைபெற்று, ஒவ்வொரு விளக்காக அணைவதுபோலப் போனார்கள். கடைசியில் அவன் வீரனும் வெள்ளை அங்கியும்தான்.

பட்டியலைத் திறந்தான். அவள் பேரைத் தொட்டான். நீக்கு.

பேர் அப்படியே இருந்தது.

மறுபடி. இருந்தது.

எழுதினான்: முடிஞ்சிடுச்சு செலிங். நீ போகலாம்.

மழை மட்டும் பெய்தது. வெள்ளை அங்கி தூணை விட்டு நகர்ந்து, காலி மண்டபத்தைக் கடந்து, அவன் வீரனுக்கு வெகு அருகில் வந்து நின்றது. அதன் தலைமேல் எழுத்துகள் தோன்றின.

உங்களுக்கும் குளிருதா மனோங்?

குளிர்ந்தது. அவன் பற்கள் ஒன்றோடொன்று மோதிக்கொண்டிருந்தன. எப்போது தொடங்கியது என்று தெரியவில்லை. நெற்றி கொதித்தது. எழப் பார்த்தான். கால் வரவில்லை.

"மனாங்..." என்றான். குரல் வெளியே போகவில்லை.

முடியட்டும், அப்புறம் போங்க என்று மாறின அங்கியின் தலைமேல் எழுத்துகள்.

மின்சாரம் போனது. கடை முழுக்க ஒரே மூச்சில் இருண்டது. விசிறிகள் சுற்றித் தளர்ந்து நின்றன. தெருவில் எங்கோ ஒரு நாய். மனாங் லூர்தா தீப்பெட்டி தேடும் சத்தம்.

அவன் முன்னால் கறுத்த கண்ணாடி. உயிர் இல்லை, வெளிச்சம் இல்லை.

டிக். டிக். டிக்.

அவன் இரண்டு கைகளின் மேலும் பச்சை ஒளி மெல்ல இறங்கியது.

நான் சொல்ற வரைக்கும் நகராதே என்றது காதோரம் ஒரு சூடான மூச்சு.