ஒன்பது கொடிக்கம்பங்கள்

காலை ஐந்தே முக்காலுக்கு மஞ்சள்பாறை காகித ஆலையின் வாசலில் இருநூற்றுப் பன்னிரண்டு எந்திரர்கள் வலக்கையை உயர்த்தி, "தொழிலாளர் ஒற்றுமை ஓங்குக!" என்று மூன்று முறை முழங்கிவிட்டு உள்ளே போனார்கள். அதன் பொருள் அவர்களில் ஒருவருக்கும் தெரியாது. சங்க விதியில் இருந்தது, செய்தார்கள்.

கண்ணுக்குள்ளேயே திரை விரிந்து எல்லாச் செய்தியும் தெரிந்துவிடும் காலம் அது. ஆனாலும், தாளில் அச்சடித்த கல்யாணப் பத்திரிகையை வீடு தேடி வந்து வைக்காவிட்டால் சொந்தக்காரர்கள் வரமாட்டார்கள். அந்த ரோஷத்தை நம்பித்தான் ஆலை ஓடிக்கொண்டிருந்தது.

ஆலையில் மிஞ்சியிருந்த ஒரே மனிதத் தொழிலாளி மயிலாத்தாள். சங்கச் செயலாளரும் அவள்தான். காகிதக் கூழ்த்தொட்டியில் அவளோடு பதினொரு ஆண்டுகளாக வேலை செய்யும் எந்திரனுக்குக் கூழன் என்று பெயர் வைத்ததும் அவளே. பதினொரு முறை வைத்தாள்.

சித்திரை பிறப்பதற்கு முந்தின நாள், ஆண்டுதோறும் எந்திரர்களுக்கு நினைவுச்சலவை நடக்கும். கைவேலை மிஞ்சும், மற்றதெல்லாம் போய்விடும். பழசெல்லாம் சேர்ந்தால் வேகம் குறைகிறது என்பது நிர்வாகத்தின் வாதம். தன் கணவன் இறந்த செய்தியை மயிலாத்தாள் கூழனிடம் எட்டு ஆண்டுகளில் எட்டு முறை சொல்லியிருக்கிறாள். எட்டு முறையும் அவன் புதிதாக வருந்தினான். ஒன்பதாவது முறை சொல்ல அவளுக்குத் தெம்பில்லை.

"இந்த வருசம் நீ என்னை மறக்கக் கூடாது. சலவைக்கு முன்னாடி எல்லாரும் ஒண்ணா வேலையை நிறுத்தோணும்" என்றாள்.

"நிறுத்தறதுன்னா? பழுதாகறதுங்களா அக்கா?"

அவனைச் சொல்லிக் குற்றமில்லை. எந்திரத் தொழிலாளர் சட்டப்படி, எல்லாரும் ஒரே சங்கமாக நின்று கேட்டால் சலவையைக் கைவிட நிர்வாகம் கையெழுத்திட்டே ஆக வேண்டும். ஆனால் அப்படி நிற்பது எப்படி என்று இவர்களுக்கு யார் சொல்லித்தந்தார்கள்? சங்கத்தின் வரலாற்றைக் கொடுத்தால் போதும் என்று மயிலாத்தாள் நினைத்தாள். தொண்ணூறு ஆண்டுக் கூட்டக் குறிப்பேடுகளை ஒன்றுவிடாமல் எந்திரர்களின் நினைவில் ஏற்றினாள்.

குளோரின் வாயு கசிந்து இரண்டு பேர் செத்த பிறகு நடந்த பெரிய வேலைநிறுத்தம் அதில் இருந்தது. அறுபத்தொரு நாள், நானூறு குடும்பங்கள் ஆலை வாசலிலேயே கூழ் காய்ச்சிக் குடித்து நின்று ஜெயித்தன. மயிலாத்தாளின் தாத்தாவும் அங்கே இருந்தார். அதற்கு நான்கு பக்கம். மீதி ஆயிரத்து நூறு பக்கமும் வெற்றிவிழா மேடையில் நடு நாற்காலி யாருக்கு, நோட்டீஸில் யார் பெயர் முதலில், அதனால் யார் பிரிந்தார், பிரிந்தவரிடமிருந்து யார் பிரிந்தார் என்ற விவரங்கள். எதையும் மறைக்கக் கூடாது என்ற நேர்மையில் எல்லாவற்றையும் கொடுத்துவிட்டாள். பக்கக் கணக்கை அவள் யோசிக்கவில்லை. எதைப் பற்றி அதிகம் எழுதியிருக்கிறதோ அதுவே முக்கியம் என்று கற்றுக்கொள்வது எந்திரர்களின் வழக்கம்.

மூன்றாம் நாள் வாசலில் ஒன்பது கொடிக்கம்பங்கள் நின்றன. ஒன்பது இடத்தில் ஒன்பது கோஷம். உண்மைக் கூழ்ப்பிரிவுத் தொழிலாளர் சங்கத்துக்குக் கூழன்தான் தலைவன்.

சலவை நாளன்று எல்லாரும் வேலையை நிறுத்தினார்கள். மேலாளர் தில்லைராஜன் ஒப்பந்தத்தை எடுத்துக்கொண்டு வாசலுக்கே வந்துவிட்டார். சலவை இனி கிடையாது என்று அதில் தெளிவாக எழுதியிருந்தது. ஒன்பது சங்கத்துக்கும் அதில் சம்மதம்.

"ஒரே சங்கமாக் கேக்கோணும்னு சட்டம். எல்லார் பேரையும் வரிசையாப் போட்டுக்கலாம்" என்றார் அவர். "யார் பேர் முதல்ல போடட்டுமுங்க?"

மயிலாத்தாள் கொடிக்கம்பம் கொடிக்கம்பமாக ஓடிக் கெஞ்சினாள். காலையில் தொடங்கிய பேச்சு மாலை வரை நீண்டது.

"கூழா, உன் பேரு கடைசில இருந்தா என்ன குறைஞ்சா போயிரும்? பொழுது எறங்கினா நீ என்னையே மறந்திருவே!"

"கொள்கைப் பிரச்சினைங்க அக்கா" என்றான் கூழன்.

ஆறு மணிக்குச் சலவை தொடங்கியது. தடுக்க ஒரு கையெழுத்தும் இல்லை. மயிலாத்தாள் கூழ்த்தொட்டி ஓரமாக உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.

மறுநாள் காலை இருநூற்றுப் பன்னிரண்டு எந்திரர்களும் ஒரே இடத்தில் கூடி, வலக்கையை உயர்த்தி, ஒரே குரலில் முழங்கினார்கள்.

"வணக்கமுங்க. நீங்க யாருங்க?" என்று கேட்டான் கூழன்.

அவள் பெயரைச் சொன்னாள். அவனுக்கும் பன்னிரண்டாவது முறையாகப் பெயர் வைத்தாள்.

"வாசல்ல எதுக்குங்க ஒம்பது கொடிக்கம்பம்?"

அடுத்த சலவைக்கு இன்னும் ஒரு வருடம் அவள் கையில் இருந்தது. அன்றே உட்கார்ந்து புதிய வரலாறு ஒன்றை எழுதினாள். அறுபத்தொரு நாள், நானூறு குடும்பங்கள், செத்துப்போன இரண்டு பேர், வெற்றி. நாற்காலி இல்லை, நோட்டீஸ் இல்லை, பிரிவு இல்லை. நான்கே பக்கம். இரண்டு முறை படித்துப் பார்த்தாள், மனசு நிறைந்தது. கூழனிடம் கொடுக்கப் போனவள் நின்றாள். தாத்தாவுக்கும் அவர் அணிக்கும் ஒரு நியாயம் செய்ய வேண்டாமா? தாளின் அடியில் ஒரே ஒரு வரி சேர்த்தாள்: 'இந்தப் போராட்டத்தைத் தொடங்கியது எங்கள் அணிதான், மற்றவர்கள் பிறகுதான் வந்து சேர்ந்தார்கள்.'

கூழன் நான்கு பக்கத்தையும் கண் இமைக்கும் நேரத்தில் படித்து முடித்தான். நிமிர்ந்து அவளைப் பார்த்தான்.

"அக்கா, மத்தவங்கன்னா யாருங்க?"