தலைவரின் கொம்பு வில்

காலை மணி 6.10.

தச்சர் பூட்டைத் திறந்து கதவைத் தள்ளினார். ஆனால் உள்ளே காலெடுத்து வைக்கவில்லை. பின்னால் வந்த எக்ஸ்ரே அம்மா அவர் தோள் வழியாக எட்டிப் பார்த்தார். மேசை மேல் நீளமான பெட்டி திறந்து கிடந்தது. பக்கத்தில் தலைவரின் கொம்பு வில், ஒரு கை ஒடிந்து, நாணோடு கிடந்தது.

"போச்சு," என்றார் தச்சர். "இது என் தலையிலதான் விடியப் போகுது, சம்பந்தியம்மா."

"கொஞ்சம் சும்மா இருங்க சம்பந்தி. எதையும் தொடாதீங்க."

எக்ஸ்ரே அம்மாவுக்கு வயது அறுபத்தாறு. மருத்துவமனையின் எக்ஸ்ரே அறையில் முப்பத்து நான்கு ஆண்டுகள் "மூச்சை இழுங்க, பிடிங்க, அசையாதீங்க, விடுங்க" என்று சொல்லியே ஓய்வு பெற்றவர். பெயர் அறையோடு போக, பட்டம் மட்டும் கூட வந்துவிட்டது. அவருடைய மகளைத்தான் தச்சரின் மகனுக்குக் கொடுத்திருந்தது.

அந்த இடம் முன்பு சோப்புக் கிடங்காக இருந்தது. இப்போது மூத்தோர் வில்லாளர் மன்றம். பின்புறத் திடலில் வைக்கோல் திண்டுகள், எதிரே பதினோரு உறுப்பினர்கள். அந்தப் பதினோரு பேருக்குள் ஒழுங்காக மடங்கும் முழங்கால்கள் ஒன்பது இருக்கும். மரமும் மூங்கிலுமாகப் பழைய பாணி வில்கள். குறி பார்க்கக் கண்ணாடி கிடையாது, கம்பி கிடையாது. கண்ணும் மூச்சும்தான்.

தலைவர் மட்டும் வேறு மாதிரி. பெரிய பதவியிலிருந்து அவர் ஓய்வு பெற்றுவிட்டார். பதவிதான் அவரை விட்டு ஓய்வு பெறவில்லை. மன்றத்தைத் திறந்து வைக்க இரண்டு ஆண்டுகளுக்கு முன் வந்தார். ரிப்பனை வெட்டினார். சாயங்காலத்துக்குள் தலைவராகிவிட்டார். மற்றவர்கள் அடுத்த நாள் தரையில் உட்கார்ந்து, அவரவர் வில்லுக்கு அவரவர் நாண் பூட்டும் முதல் பாடத்தைத் தச்சரோடு சேர்ந்து படித்தார்கள். ரிப்பன் வெட்டியவர் தரையில் உட்கார முடியுமா? சென்ற ஆண்டு சிறந்த வில்லாளர் கேடயத்தை அவரே அறிவித்து, அவரே வழங்கி, அவரே பெற்றுக்கொண்டார். கைகுலுக்கும் கட்டத்தில் மட்டும் சிறிது தடுமாற்றம் ஏற்பட்டது.

அவருக்காகக் கடல் தாண்டி வந்த வில் இது. எத்தனை கடல் என்பது வாரத்துக்கு வாரம் கூடும். உள்பக்கம் எருமைக் கொம்பு, வெளிப்பக்கம் விலங்கு நரம்பு, நடுவில் மரம். தினமும் காலையில் அவர் வருவதற்குள் தச்சர் தரையில் உட்கார்ந்து முழங்காலால் அதை நெட்டித் தள்ள, இன்னொரு உறுப்பினரான டீச்சர் நாணை மாட்டுவார். இரண்டு பேருக்கும் வியர்த்துக் கொட்டிவிடும். தலைவர் வரும்போது வில் தயாராக முளையில் தொங்கும். அவர் போனபின் நாணைக் கழற்றினால், வில் பெருமூச்சு விட்டது போலச் சுருண்டுகொள்ளும். பெட்டிக்குள் வைத்து மூடுவார்கள். பெரிய மனிதரைக் காக்க வைக்கக் கூடாதே என்று ஆரம்பித்தது, வழக்கமாகிப் போனது.

மணி 6.25.

எக்ஸ்ரே அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தார். கதவுப் பூட்டில் கீறல் இல்லை. ஜன்னல் கம்பிகள் அப்படியே. நாணின் இரண்டு வளையங்களும் வில்லின் இரண்டு நுனிகளிலும் ஒழுங்காக மாட்டியிருந்தன.

"நேத்து கழட்டினீங்கதானே?"

"கழட்டி, மெழுகு தடவி, சுருட்டி உள்ள வெச்சேன். டீச்சர் பக்கத்துலதான் நின்னாங்க."

முறிவைப் பார்த்தார். கொம்புப் பக்கம் வாய் பிளந்திருந்தது. நரம்புப் பக்கம் பிய்யாமல், ஒடிந்த கையைப் பிடித்துக்கொண்டிருந்தது. சுவரேறி விழுந்த பிள்ளைகளின் முன்கை எலும்பை அவர் எத்தனையோ முறை படத்தில் பார்த்தவர். எந்தப் பக்கம் மடங்கியதென்று எலும்பே சொல்லும். இழுபட்ட பக்கம் பிளக்கும். மடங்கிய பக்கம் ஒட்டிக்கொண்டிருக்கும்.

"ம்," என்றார்.

"என்ன ம்?"

"படம் தெளிவா விழுந்திருக்கு. பாப்போம்."

மணி 7.00.

தலைவர் வந்தார். சாதாரணமாக அவருக்கு முன்னால் அவருடைய கனைப்பு வரும். இன்று அதற்கும் முன்னால் ஒரு புதுத் தொப்பி வந்தது. ஒன்பது மணிக்கு ஒரு பத்திரிகையின் படப்பிடிப்பாளர் வருவதாக இருந்தது. "அறுபதுக்கு மேல் அம்பு" என்று இரண்டு பக்கக் கட்டுரை. ஒடிந்த வில்லைப் பார்த்துவிட்டு அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். இதயம் வலது பக்கம் இருப்பதாக நினைத்தார் போலும்.

"சதி," என்றார். "நேத்து இவர் என்ன சொன்னார்? 'இப்படி இழுத்தா ஒருநாள் ஒடிஞ்சிடும்'னு எல்லாருக்கும் எதிர்ல சொன்னாரா இல்லையா?"

"சொன்னேன்," என்றார் தச்சர். "நீங்க அம்பு வைக்காமலே இழுத்து இழுத்து விட்டீங்க. எந்த வில்லும் அதைத் தாங்காது."

"பாத்தீங்களா, ஒத்துக்கறார். பத்துக்கு ஒன்பது அம்பு குறியில அடிச்ச மிதப்பு இவருக்கு. எட்டரைக்குச் செயற்குழு. இவரை நீக்கறோம்."

தச்சர் சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்து மேசை ஓரத்தில் வைத்துவிட்டு, வெளியே போய்த் திண்டுகளைப் பார்த்தபடி உட்கார்ந்தார்.

எக்ஸ்ரே அம்மாவுக்கு அந்த உட்காரல் தெரியும். மனைவி போனபிறகு பதினோரு மாதம் அவர் இப்படித்தான் சுவர்க் கடிகாரத்தின் எதிரே உட்கார்ந்திருந்தார். நன்றாக ஓடிய கடிகாரத்தை மூன்று முறை பிரித்துப் பழுது பார்த்தார். மகனிடம் பேசுவதை நிறுத்தினார். சாப்பாட்டையும் பாதியாக்கினார். "எனக்குத் துணைக்கு வாங்க" என்று பொய் சொல்லி இந்தத் திடலுக்கு இழுத்து வந்தது எக்ஸ்ரே அம்மாதான். முதல் அம்பு திண்டில் குத்தி நின்ற அன்று, திரும்பும் வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார். இந்த மனிதர் மறுபடி அந்தக் கடிகாரத்தின் எதிரே போய் உட்காரக் கூடாது.

எட்டரைக்கு இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது.

மணி 7.20.

டீச்சரின் கட்டைவிரலில் கட்டுப் போட்டிருந்தது. முப்பது ஆண்டு புவியியல் நடத்தியவர். கேட்காததற்கும் பதில் சொல்வார்.

"விரல்ல என்ன?"

"வெங்காயம் நறுக்கறப்போ. என்னையா சந்தேகப்படறே? எனக்கு அந்த வில்லை ஒடிக்க ஆசை இல்லேன்னு சொல்ல மாட்டேன். தினம் காலைல அதுகூட மல்லுக்கட்டி என் இடுப்பு போச்சு. ஆனா ஒடிக்கறதா இருந்தா நான் எதுக்குடி நாண் பூட்டிக்கிட்டு இருக்கப் போறேன்? சுவத்துல சாத்தி ஒரு மிதி மிதிச்சா போதாதா?"

"அதையேதான் நானும் யோசிச்சேன்," என்றார் எக்ஸ்ரே அம்மா.

மணி 7.40.

தலைவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். விசாரிப்பவர் இடத்தில் உட்கார்ந்து பழகியவர் என்பதால் எதிர் நாற்காலி அவருக்குச் சரியாகப் பொருந்தவில்லை.

"கேளுங்க. சுருக்கமா."

"அறைக்கு எத்தனை சாவி?"

"ரெண்டே ரெண்டு. ஒண்ணு அவர்கிட்ட. இன்னொண்ணு என் சட்டைப்பையை விட்டு நகர்ந்ததே இல்ல. ராத்திரி தூங்கறப்போ கூட. அப்போ வேற யாரு? கணக்கு நேராத்தானே இருக்கு?"

"ரொம்ப நேரா இருக்கு. வில்லுக்கு நாண் யார் பூட்டுவாங்க?"

தலைவர் தொண்டையைக் கனைத்தார். "என் வில்லுக்கு நான்தான்."

"கஷ்டமான வேலையாச்சே, சார்."

"தெரியாதவங்களுக்கு. வளைஞ்சுதானே இருக்கு? ரெண்டு பக்கமும் மாட்டினா முடிஞ்சது. ஒரு நிமிஷம்."

"ஒரு நிமிஷமா?"

"அரை நிமிஷம்னு வெச்சுக்கோங்க."

எக்ஸ்ரே அம்மா அவரை ஒருமுறை தலை முதல் கால் வரை பார்த்தார். "அறைக்குள்ள வெயில் இல்லையே சார், தொப்பி எதுக்கு?"

"பத்திரிகைக்காரங்க வர்றாங்க. ஒரு தோற்றம் வேணாமா?"

"வேணும், வேணும்."

மணி 8.30.

செயற்குழு கூடியது. உறுப்பினர்கள் மொத்தமே பதினொன்று. அதில் செயற்குழு ஒன்பது. யாரையும் விட்டுவிடக் கூடாதே என்ற தலைவரின் பெருந்தன்மை. தச்சர் வாசலோரம் நின்றார். தலைவர் தீர்மானத்தை வாசிக்க எழுந்தார்.

"ஒரு நிமிஷம் சார்," என்றார் எக்ஸ்ரே அம்மா. "இல்ல, அரை நிமிஷம். ஒன்பது மணிக்குப் படம் எடுக்க வர்றாங்க. உங்க வில்லு போச்சு. ஆனா அதே வளைவுல தச்சர் மூங்கில்ல ஒண்ணு செஞ்சு வெச்சிருக்கார். நீங்க நாண் பூட்டற மாதிரி ஒரு படம் எடுத்தா எடுப்பா இருக்கும். எல்லாருக்கும் ஒருதரம் காட்டுங்களேன்."

நாண் கழற்றிய மூங்கில் வில் சுருண்டு கிடந்தது. தலைவர் அதைக் கையில் வாங்கினார். கூட்டம் பார்க்கிறது என்றால் அவரால் மறுக்க முடியாது. வில்லின் வளைவைத் தன் பக்கமாகத் திருப்பினார். கீழ் நுனியில் ஒரு வளையம், மேல் நுனியில் ஒரு வளையம். வியர்வை ஒரு சொட்டு இல்லை. நாண் கொஞ்சம் தொளதொளவென்று இருந்தது.

"இவ்வளவுதான்," என்று அதைத் தூக்கிக் காட்டினார்.

யாரும் கை தட்டவில்லை. டீச்சர் தலையில் கை வைத்துக்கொண்டார். எண்பதை நெருங்கும் ஒரு பெரியவர் ஏதோ சொல்ல வாயைத் திறந்து, பக்கத்து நாற்காலிக்காரர் தொடையில் தட்ட, மூடிக்கொண்டார். தலைவர் நாணைப் பிடித்து இழுக்கப் போனார்.

"போதும் சார். இழுத்துடாதீங்க. அந்தக் கொம்பு வில்லு மாதிரி இதுவும் ஒடிஞ்சிடும்."

தலைவரின் கை அப்படியே நின்றது.

"இந்த மாதிரி வில்லு நாண் கழட்டினா மறுபக்கம் சுருண்டுக்கும்," என்றார் எக்ஸ்ரே அம்மா. "அந்தச் சுருளை எதிர்த்து, நேர்மாறா வளைச்சுத்தான் பூட்டணும். அதனாலதான் ரெண்டு பேர் வேணும், அவ்வளவு வியர்க்கும். முதல் பாடத்துக்கு வந்த எல்லாருக்கும் இது தெரியும். காலைல வில்லைப் பார்த்தேன். நாண் பூட்டியிருந்தது. ஒடிக்க வந்தவங்க நாண் பூட்ட மாட்டாங்க; எய்ய வந்தவங்கதான் பூட்டுவாங்க. அப்புறம் முறிவைப் பார்த்தேன். சரியான பக்கம் இழுத்து ஒடிஞ்சிருந்தா வெளிப்பக்கத்து நரம்பு பிஞ்சிருக்கும். இதுல கொம்புப் பக்கம் பிளந்திருக்கு. அப்போ தப்பான பக்கம் இழுத்திருக்காங்க. தச்சர் அப்படி இழுப்பாரா? டீச்சர் இழுப்பாங்களா? இந்த மன்றத்துல நாண் இல்லாம அந்த வில்லைப் பார்த்தே இராத ஆள் ஒருத்தர்தான். அவர் சாவியும் சட்டைப்பையை விட்டு நகர்ந்ததில்ல. அதை அவரே சொன்னார்."

அறையில் சோப்பு வாசனை மட்டும் இருந்தது.

"தொப்பியைக் கழட்டுங்க சார்."

தலைவர் கழற்றினார். வலது நெற்றியில் எலுமிச்சை அளவுக்கு ஒரு வீக்கம்.

எக்ஸ்ரே அம்மா எழுந்துபோய் அதை விரலால் மெதுவாகத் தொட்டுப் பார்த்தார். "தலை சுத்துதா? வாந்தி வர்ற மாதிரி இருக்கா?"

"இல்ல." குரலில் இருந்த மேடை காணாமல் போயிருந்தது. "அஞ்சே காலுக்கு வந்தேன். நாண் பூட்டற மாதிரி ஒரு படம் கேட்டிருந்தாங்க. ஒத்திகை பார்க்கலாம்னு... மாட்டினப்போ நல்லாத்தான் இருந்தது. இழுத்தேன். படார்னு முகத்துல அடிச்சுது. யாரோ முன்னாடியே அறுத்து வெச்சிருக்காங்கன்னுதான் சத்தியமா நினைச்சேன்."

"அதை வந்தவுடனே சொல்லியிருக்கலாமே."

"எப்படிச் சொல்றது? ரெண்டு வருஷமா தலைவர். கேடயம் வேற வாங்கியிருக்கேன். முதல் பாடம் என்னன்னு இப்போ போய் யார்கிட்ட கேக்கறது?"

சிரிப்பு எங்கிருந்தோ கிளம்பிப் பாதியில் நின்றது. இந்த மன்றத்துக்கு வரும்வரை செருப்பு வார் மாட்டக் குனியவே பயந்தவர்கள் அங்கே பாதிப்பேர். கேட்க வெட்கப்படுவது என்றால் என்னவென்று அவர்களுக்குத் தெரியும்.

தலைவர் தீர்மானத் தாளை நான்காக மடித்தார். சட்டைப்பையிலிருந்து தன் சாவியை எடுத்தார். மேசை ஓரத்தில் கிடந்த சாவியையும் சேர்த்து எடுத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தார்.

"என்னை மன்னிச்சிடுங்க. ரெண்டும் உங்ககிட்டயே இருக்கட்டும்."

தச்சர் வாங்கவில்லை. ஒடிந்த வில்லின் பக்கம் போய், பிளந்த வாயைக் கட்டைவிரலால் தடவினார். மரத்தைத் தொட்டதும் அவருக்குப் பேச்சு வந்தது.

"பசை போட்டு, நரம்பு சுத்தி, ஆறு மாசம் காய விட்டா உயிர் வரும்னு நினைக்கிறேன். உறுதி சொல்ல மாட்டேன். அதுவரைக்கும் மூங்கில் வில்லு இருக்கு." இரண்டு சாவிகளையும் வாங்கி, ஒன்றைத் தன் பையில் போட்டுக்கொண்டு மற்றதைத் தலைவரின் உள்ளங்கையில் திருப்பி வைத்தார். "முதல் பாடம் இப்பவே. நாளைலேருந்து காலைல ஆறு மணிக்கு. நான் வரத் தாமதமானா யாரு கதவைத் திறக்கறது?"

"உங்களை நீக்கற தீர்மானம்..." என்று இழுத்தார் கூட்டத்தில் ஒருவர்.

"அதுக்குப் பதிலா வேற எழுதுங்க," என்றார் டீச்சர். "இனிமே அவங்கவங்க வில்லுக்கு அவங்கவங்கதான் நாண் பூட்டணும். என் இடுப்பு ஆதரிக்குது."

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. தலைவர்தான் முதலில் கையைத் தூக்கினார்.

மணி 9.05.

படப்பிடிப்பாளர் வந்தபோது தலைவர் தரையில் உட்கார்ந்திருந்தார். முழங்கால் நடுங்கியது. நெற்றி வீக்கத்தின் மேல் வியர்வை வழிந்தது. மூங்கில் வில்லைச் சரியான பக்கம் நெட்டித் தள்ளிக்கொண்டிருந்தார்.

"இன்னும் கொஞ்சம். விட்டுடாதீங்க," என்று எதிரே குந்தியிருந்தார் தச்சர்.

"வரல."

"வரும். எனக்கு நாலு நாள் ஆச்சு."

எட்டாவது முயற்சியில் வளையம் நுனியில் விழுந்தது. தலைவர் எழுந்து நிற்க நாலு பேர் கை கொடுத்தார்கள். ஐந்தாவது கை கேமராவை வைத்திருந்ததால் வரவில்லை.

கோட்டில் நின்றார். அம்பைத் தொடுத்தார். எக்ஸ்ரே அம்மா அவர் முதுகுக்குப் பின்னால் போய் நின்றார்.

"மூச்சை இழுங்க," என்றார். "பிடிங்க. அசையாதீங்க."

இரண்டு ஆண்டுகளில் முதல் முறையாகத் தலைவர் அசையாமல் நின்றார்.

"விடுங்க."

அம்பு திண்டின் ஓரத்தில், உள்ளேதான், போய்க் குத்தி நின்றது. தலைவர் திரும்பிப் பார்த்தார். கேமராவை அல்ல, தச்சரை.

"இன்னொண்ணு குடுங்க," என்றார்.