மனோரஞ்சிதம் ஊறிய ஜின்

பாட்டிலில் ஜின் ஒரு விரல் உயரம் ஏறியிருந்தது.

லியோ அதைச் சமையலறை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்துப் பார்த்தான். மத்தியானம் அவனே முக்கால் பாட்டிலை வேறு ஜாடிக்கு மாற்றிவிட்டு, கொல்லையில் பறித்த ஏழு மனோரஞ்சிதப் பூக்களை இதழ் இதழாகக் கிள்ளி உள்ளே போட்டு, லேபிளின் கீழ் விளிம்போடு நிற்கிறது என்று மனதில் குறித்துக்கொண்டு மூடியைத் திருகியிருந்தான். ஒன்பது வருடம் சொகுசுக் கப்பலின் பாரில் நின்றவனுக்கு அளவு தப்பாது. இப்போது ஜின் லேபிளின் பாதியில் நின்றது. பூ ஊறினால் கொஞ்சம் சாறு விடும். இவ்வளவு விடாது.

"நீ இதுல தண்ணி ஊத்துனியா?"

"நான் எதுக்குங்க அதத் தொடப்போறேன்?" என்றாள் அவன் மனைவி ஜாஸ்லின். "சீக்கிரம் கலக்குங்க. கோயில்ல ஜெபமாலை ஆரம்பிச்சிரும்."

கேட்டதே அவள்தான். கறுப்புக் கோட்டும் கழுத்துப் பட்டையுமாக அவன் அனுப்பிய போட்டோக்களைப் பார்த்துப் பார்த்து, அப்படி என்னதான் கலக்குகிறீர்கள், நானும் ஒரு தடவை பார்க்கிறேன் என்று போனில் சொல்லிக்கொண்டே இருந்தாள். அவனுக்கும் ஓர் ஆசை இருந்தது. மனோரஞ்சிதத்தை முகரும்போது எந்தப் பழத்தை நினைக்கிறோமோ அந்த வாசனை வரும் என்று அவன் ஊரான பூதலூரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். வெள்ளைக்காரர்களுக்கு ரோஜா இதழ் போட்டும் மல்லிகை போட்டும் ஜின் கலக்கிக் கொடுத்தபோதெல்லாம், இந்தப் பூவைப் போட்டால் எப்படியிருக்கும் என்று நினைத்துக்கொள்வான்.

இரண்டு எவர்சில்வர் தம்ளர்களை வாயோடு வாய் பொருத்தி, உள்ளே ஜின்னும் எலுமிச்சைச் சாறும் சர்க்கரைப் பாகும் ஐஸும் போட்டுத் தோளுக்கு மேல் தூக்கிக் குலுக்கினான். தம்ளருக்குள் ஐஸ் சலசலத்த அதே நேரத்தில் கூரை ஓட்டில் மழை விழத் தொடங்கியது. கரண்ட் போனது. மணி ஆறுகூட ஆகவில்லை. ஆனாலும் அறைக்குள் சாம்பல் நிறத்தில் இருட்டு கூடியது. மெழுகுவர்த்தியை ஏற்றி, இரண்டு கண்ணாடித் தம்ளர்களில் வடித்து, சோடாவை மெதுவாகச் சரித்து, மேலே ஆளுக்கொரு மஞ்சள் இதழை மிதக்க விட்டான்.

"குடிக்க மாட்டேன். மோந்துதான் பாப்பேன்," என்று குனிந்த ஜாஸ்லினின் கண் விரிந்தது. "பலாப்பழம்! அதத்தான் நினைச்சேங்க. இப்ப நீங்க."

லியோ ஆரஞ்சுப் பழத்தை நினைத்தான். உரித்த தோல், சுளை, விரலில் ஒட்டும் எண்ணெய் எல்லாவற்றையும் வலிந்து நினைத்தபடி தம்ளரை மூக்கருகே கொண்டுபோனான்.

பெயிண்ட் வாசனை வந்தது. இரும்பின் மேல் அன்றைக்குத்தான் அடித்த பெயிண்ட். அதற்கடியில் டீசல். அதற்கும் அடியில் உப்பு.

தம்ளரைச் சட்டென்று கீழே வைத்தான்.

"ஏங்க?" என்றபடி அவள் தன்னுடையதை மறுபடி முகர்ந்தாள். சிரிப்பு நின்றுபோனது. "வேளாங்கண்ணி கடல்கரையில நிக்கிற மாதிரி இருக்கு. நான் கடல நினைக்கலையே."

கடல் அங்கிருந்து நூறு கிலோமீட்டர் தள்ளி இருந்தது. வீட்டைச் சுற்றி இருந்ததெல்லாம் சம்பா வயலும் வாய்க்காலும்தான். லியோ விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்தான். கரித்தது.

கோயில் மணி அடித்தது. ஜாஸ்லின் கையை இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுக் குடையை எடுத்தாள். வாசலில் நின்று திரும்பினாள்.

"ஆரோக்கியம் பெரியம்மாவ நீங்க இன்னும் போய்ப் பாக்கல. வந்து மூணு நாளாச்சு. கோயில்ல என்னையத்தான் கேக்குறாங்க."

"நாளைக்குப் போறேன்."

அடுத்த தெரு ஆரோக்கியத்துக்கு ஒரே மகன், ஜெக்கரியா. மும்பை ஏஜெண்டிடம் பேசி அவனைத் தன் கப்பலிலேயே சேர்த்துவிட்டவன் லியோ. நான்கு மாதத்துக்கு முன் ஓர் இரவில் ஜெக்கரியா கடலில் விழுந்துபோனான். உடல் கிடைக்கவில்லை. நான் ரூமில் தூங்கிக்கொண்டிருந்தேன், காலையில்தான் தெரியும் என்று லியோ கேப்டனிடம் சொன்னான். பிறகு ஊருக்குப் போன் போட்டு அதையே சொன்னான்.

அவன் தன் தம்ளரைத் தொட்டியில் கவிழ்த்தான். குழாயைத் திறந்து விட்டான். வாசனை போகவில்லை. பாட்டிலை மூடித் துண்டில் சுற்றி அலமாரிக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினான். இப்போது அது அலமாரியிலிருந்து வரவில்லை. சுவரிலிருந்தும், தரையிலிருந்தும், அவன் சட்டைக் கையிலிருந்தும் வந்தது. ஈர இரும்பு. உப்பு. ஓட்டு மழையின் சத்தத்துக்கு அடியில் இன்னொரு இரைச்சல், நீளமாக ஏறி, நீளமாக இறங்கி.

வாசலில் யாரோ செருப்பைக் கழற்றினார்கள்.

ஆரோக்கியம். தலைக்குப் போட்டிருந்த உரச்சாக்கைத் தூணில் மாட்டிவிட்டு, கையில் ஜெபமாலையோடு நின்றாள்.

"கோயிலுக்குத்தான் போய்க்கிட்டிருந்தேன்," என்றாள். "உன் வீட்டுக்கிட்ட வந்ததும் என் புள்ள வாசம் அடிச்சுது, லியோ."

"உக்காருங்க பெரியம்மா. நானே நாளைக்கு வரணும்னு..."

அவள் அவனைத் தாண்டிச் சமையலறைக்குள் போனாள். மேசையில் ஜாஸ்லின் குடிக்காமல் வைத்துப் போன தம்ளர் இருந்தது. ஐஸ் இன்னும் கரையவில்லை. அவள் உட்கார்ந்து அதை இரண்டு கையாலும் எடுத்தாள். மேசையின் மறுபுறம் லியோவும் உட்கார்ந்தான். இருவருக்கும் நடுவில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி காலியாகக் கிடந்தது.

"இது என்ன?"

"பூ போட்ட... சர்பத்து."

அவள் கண்ணை மூடி முகர்ந்தாள். வெகுநேரம்.

"அவன் தலை வாசம்," என்றாள். பிறகு, "பெயிண்டு." பிறகு நெற்றியைச் சுருக்கி, தெரியாத ஊரில் வழி கண்டுபிடிக்கிறவளைப் போல மெதுவாகச் சொன்னாள்: "இரும்புக் கதவு. கன்னத்த அதுல வச்சு அழுத்திக்கிட்டு நின்னா இப்படித்தான் வரும்." கண்ணைத் திறந்தாள். "அந்தப் பக்கம் யாரு இருந்தா, லியோ?"

மெழுகுவர்த்தி அசையவில்லை.

அன்று பாரைச் சாத்திய பிறகு அவன்தான் ஜெக்கரியாவுக்கு ஊற்றிக் கொடுத்தான். யாருக்கும் தெரியாமல். ஆறு தம்ளர். பையன் வாந்தி எடுக்கப் பின்தளத்துக்கு ஓடினான். காற்று. அலை. நடைபாதையில் சூப்பர்வைசரின் டார்ச் வந்தது. லியோ கதவைச் சாத்தினான். தாழ்ப்பாள் போட்டான். அண்ணே, என்று வெளியே ஜெக்கரியா தட்டினான். அண்ணே. சூப்பர்வைசர் நின்று பேசினார். சிகரெட் பற்றவைத்தார். என்னய்யா சத்தம் என்றார். காத்து சார், என்றான் லியோ.

அவர் போன பிறகு திறந்தான். தளம் கழுவி விட்டதுபோல் இருந்தது.

"நான்தான்," என்றான். "நான்தான் பூட்டுனேன் பெரியம்மா."

அவள் அழவில்லை. அவனைப் பார்க்கவும் இல்லை. நடுவில் கிடந்த நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகம் மெல்ல இளகியது.

"இப்படி நனைஞ்சிட்டியேடா," என்றாள்.

எழுந்தாள். முந்தானையை அவிழ்த்தாள். நாற்காலிக்கு மேலே, உட்கார்ந்த ஆளின் தலை உயரத்தில், வெறும் காற்றைத் துவட்டத் தொடங்கினாள். பிடரி. காதோரம். உச்சி. துணி உருண்டையாக வளைந்தது. நுனி ஈரமானது. பாதி ஈரமானது. அவள் அதைத் தரையில் பிழிந்தாள். தண்ணீர் கொட்டியது. மறுபடி துவட்டினாள்.

லியோ எழப் பார்த்தான். மணிக்கட்டை ஏதோ பிடித்திருந்தது. ஜில்லென்று. ஐந்து விரல்.

"லியோ எங்கயும் போவலடா. இங்கதான் இருக்கான்," என்றாள் ஆரோக்கியம். "தலைய நிமித்து, கண்ணு. மூஞ்சியத் தொடைக்கிறேன்."

பிளாஸ்டிக் நாற்காலி முனகியது. சேலைக்குள் இருந்த உருண்டை நிமிர்ந்தது. ஈரத்துணி ஒட்டிக்கொண்டு நெற்றி தெரிந்தது. மூக்கு தெரிந்தது. அது மெதுவாக லியோவின் பக்கம் திரும்பியது.

வாய் இருக்க வேண்டிய இடத்தில், துணி உள்ளே இழுபட்டது.